எழுவாய் எங்கே?

(மாலைப் பள்ளி ஆண்டு விழாவில் பேசியது)



இரண்டு வார்த்தை பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். நாம் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதுவும் இங்கிலீஷ் வார்த்தை. ஆனால் பிறந்த ஊர் நம்முடைய ஊர்தான்.

சமீபத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பைப் பார்க்க நேர்ந்தது. அங்கே உபாத்தியாயர் தினம் ஒரு புது இங்கிலீஷ் வார்த்தையைப் பலகையில் எழுதி, அர்த்தம் சொல்லி, பிள்ளைகளை ஆளுக்கொரு வாக்கியம் அமைக்கச் சொல்லுவாராம். நெட்டுருப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். அன்றைய வார்த்தை 'பரையா'. அர்த்தம், சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன். ஒரு பையன் எழுந்து, "உண்மையைச் சொன்னதால் அவன் பரையாவாக நடத்தப்பட்டான்" என்று இங்கிலீஷில் சொன்னான். இன்னொருவன், "அண்டை நாட்டின் மேல் படையெடுத்த தேசம் பரையாவாக ஆக்கப்பட்டது" என்றான். இருவருக்கும் சபாஷ் கிடைத்தது. கடைசி பெஞ்சியில் இருந்த ஒரு பெண்ணின் முறை வந்தது. அது வாக்கியம் சொல்லவில்லை. "சார், இது எங்க ஜாதிப் பேரா?" என்று கேட்டது. உபாத்தியாயர் திகைத்துப் போய், "இது இங்கிலீஷ் வார்த்தையம்மா, உட்கார்" என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவரல்ல. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தோழர்களே! அந்தக் குழந்தை கேட்டதுதான் சரி. சுருட்டும், கட்டுமரமும், மிளகுத் தண்ணியும் கப்பலேறி இங்கிலீஷ் அகராதிக்குள் போனதுபோலவே 'பறையர்' என்ற பேரும் போயிற்று. 1613-ல் லண்டனில் பர்ச்சாஸ் என்ற ஒரு பாதிரி அச்சுப்போட்ட புஸ்தகத்தில் இது காணப்படுகிறது. அவர் இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்ல. வந்து போனவர்கள் சொன்னதைத் தொகுத்தவர். இங்கே மேல்ஜாதியார் யாரைத் தாழ்ந்தவர் என்றார்களோ, அங்கேயும் அவர்களே தாழ்ந்தவராக எழுதப்பட்டார்கள். 1819 வாக்கில் இந்த வார்த்தை ஜாதியைவிட்டுக் கழன்று, எங்கேயும் எவரையும் ஒதுக்கினால் சொல்லுகிற பேராகிவிட்டது. தெரு நாய்க்கும், பருந்துக்கும்கூட இதையே அடைமொழியாக வைத்தார்கள். சுருட்டு போனது, சுருட்டாகவே இருக்கிறது. மனிதன் போனான், வசவாகத் திரும்பி வந்தான். இதற்கு வெள்ளைக்காரனை மாத்திரம் வைவதில் பயனில்லை. சரக்கு நம்முடையது.

இந்தப் பேரில் என்ன இழிவு இருக்கிறது என்று கேட்கிறோம். பறை என்பது முழங்குகிற கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்திருக்கிறது. புறநானூற்றின் 335-ம் பாட்டு, வேறு குடிகளே இல்லையென்று சொல்லத்தக்க நான்கு குடிகளுள் பறையனையும் ஒன்றாக எண்ணுகிறது. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தமது பத்திரிகைக்குத் துணிந்து இந்தப் பேரையே வைத்தார். எம்.சி. ராஜா அவர்களோ, 1922-ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து ஆதிதிராவிடர் என்ற பேரைச் சர்க்கார் ஏற்கும்படி செய்தார். ஒருவர் பேரைத் தூக்கி நிறுத்தினார்; ஒருவர் மாற்றினார். இரண்டு பேரும் எதிர்த்தது ஒரே அக்கிரமத்தைத்தான்.

1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லுகிறது. 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், அதன் 2015-ம் வருஷத் திருத்தமும் பொது இடத்தில் ஜாதிப் பேர் சொல்லி வைகிறவனைத் தண்டிக்கின்றன. அகராதியின் மேல் எந்தச் சட்டம் பாயும்? ஆகையால் வார்த்தையைப் பாடத்திலிருந்து கிழித்தெறி என்று நாம் சொல்ல வரவில்லை. கிழித்தால் அந்தக் கேள்வியும் சேர்ந்து போய்விடும்.

பிள்ளைகள் சொன்ன வாக்கியங்களைக் கவனியுங்கள். நடத்தப்பட்டான், ஆக்கப்பட்டது. எல்லாம் செயப்பாட்டு வினை! நடத்தினவன் யார்? ஆக்கினவன் யார்? ஒதுக்கப்பட்டவனுக்கு மாத்திரம் ஒரு பேர் இருக்கிறது. ஒதுக்கினவனுக்கு இங்கிலீஷிலும் பேர் இல்லை, தமிழிலும் பேர் இல்லை. சாஸ்திரம், வழக்கம், கர்மபலன் என்று ஏதோ ஒன்றின் தலையில் போட்டுவிட்டு அவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.

நாம் உபாத்தியாயரிடம் அனுமதி பெற்று, அதே வாக்கியங்களை எழுவாய் வைத்துத் திருப்பிச் சொல்லும்படி பிள்ளைகளைக் கேட்டோம். முதல் பையன் கொஞ்சம் யோசித்து, "ஊரார் அவனை ஒதுக்கினார்கள்" என்றான். இரண்டாமவன் தலையைச் சொறிந்து கொண்டு நின்றான். அந்தப் பெண் தானாகவே எழுந்து, பலகைக்குப் போய்ச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, "மேலத் தெருக்காரர்கள் என் பாட்டியைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை" என்று இங்கிலீஷில் எழுதிற்று. உபாத்தியாயர் அதில் ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். பிறகு எல்லோரையும் அதை நோட்டில் எழுதிக் கொள்ளச் சொன்னார்.