ஸ்டோவிக்கு உடம்பு சரியில்லையா?



'தகுதி, திறமை' என்று நமக்குப் பாடம் எடுப்பவர்களுக்காக ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் கதையைக் கொண்டுவந்திருக்கிறேன். பெயர் ஜார்ஜ் ஸ்டோவி. 1866இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். இடது கையால் பந்தெறியும் பிட்ச்சர்.

1886இல் ஜெர்சி சிட்டி அணியில் ஆடினார். அடுத்த ஆண்டு நியூவார்க் அணிக்குப் போனார். அங்கே அவர் எறிந்த பந்தைப் பிடித்தவர் ஃப்ளீட்வுட் வாக்கர். 1884இலேயே மேஜர் லீக்கில் ஆடிய கறுப்பர். அந்த 1887 பருவத்தில் ஸ்டோவி வென்ற ஆட்டங்கள் 30க்கும் மேல். இன்டர்நேஷனல் லீக்கில் ஒரே பருவத்தில் அதைத் தாண்டிய பிட்ச்சர் இன்றுவரை இல்லை.

ஜூலை 14. சிகாகோ அணியோடு ஒரு காட்சி ஆட்டம். அதன் கேப்டன் கேப் ஆன்சன், வெள்ளையர் நட்சத்திரம். கறுப்பரோடு களமிறங்க மாட்டேன் என்றார். அன்று ஸ்டோவி பந்தெறியவில்லை. 'உடம்பு சரியில்லை' என்று காரணம் சொன்னார்கள். நோய் யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியும்.

அதே நாளில் லீக் உரிமையாளர்கள் கூடினார்கள். கறுப்பர்களோடு இனிப் புதிய ஒப்பந்தம் வேண்டாம் என 6-4 வாக்கில் முடிவெடுத்தார்கள். இருப்பவர்களை உடனே துரத்தவில்லை. வாசலை மட்டும் சாத்தினார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. வாக்கர் 1889இல் வெளியேறிய பிறகு அந்த லீக்கில் ஒரு கறுப்பரும் இல்லை. மேஜர் லீக்குகளிலோ எழுதப்பட்ட விதியே கிடையாது. கனவான்களின் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர்! எழுதாத விதியை எந்த நீதிமன்றத்தில் எதிர்ப்பது? இது நமக்குப் புதிதா?

அத்தனை வெற்றிகள் பெற்றுத் தந்தவரை நியூவார்க் அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டோவி கியூபன் ஜயன்ட்ஸ் போன்ற கறுப்பர் அணிகளில் ஆடினார். மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியாமல் 1936இல் இறந்தார்.

பத்தாண்டு கழித்து, 1946 ஏப்ரலில், ஜாக்கி ராபின்சன் அதே இன்டர்நேஷனல் லீக்கில் களமிறங்கினார். முதல் ஆட்டம் எங்கே தெரியுமா? ஸ்டோவி ஆடிய அதே ஜெர்சி சிட்டியில். ராபின்சனைக் கொண்டாடுவோம். ஆனால், அதுவரை கறுப்பர்களிடம் திறமை இல்லாமலா இருந்தது?

'திறமை இருந்தால் மேலே வரலாமே' என்று யாராவது சொன்னால், ஸ்டோவியின் கதையைச் சொல்லுங்கள். அன்று வாக்களித்த அந்த ஆறு பேரைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள்.

 ஜெய்பீம்.