ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும்

(கணியூர் பட்டிமன்றம். தலைப்பு: "அன்றாடம் ஓட்ட ஏற்றது பழைய கறுப்பு சைக்கிளா? புதிய கியர் சைக்கிளா?" 'புதிய கியர் சைக்கிளே' அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

    

எங்கள் அணித் தலைவர் 'கிராவல் பைக்' என்று சொன்னதும், முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்துல இருக்கறவரைக் கேட்டார்: "ஏனுங்க, கிராவலுங்கறது டிப்பர்ல வந்து கொட்டற மண்ணுதானுங்க? அதுல எப்படிங்க வண்டி செய்வாங்க?" (சிரிப்பு)

ஐயா, அதே கிராவல்தான்! தார் ரோட்டிலும் போகணும், கிராவல் கொட்டின பாதையிலும் போகணும்னு செஞ்ச வண்டி. அதனாலதான் அந்தப் பேரு.

எதிரணியில் பேசிய தங்கை, 1991, 92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்ற வரலாற்றைச் சொன்னார். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் பங்கையும் சொன்னார். அத்தனையும் உண்மை. ஆனா ஒண்ணை விட்டுட்டாங்க. அந்தப் பெண்களில் பலர் 'லேடீஸ் சைக்கிள்' வேண்டாம், 'ஜென்ட்ஸ் சைக்கிள்' கொடுங்கன்னாங்க. ஏன் தெரியுமா? முன்னால இருக்கற பார்ல குழந்தையை உட்கார வைக்கலாம்! பேரைப் பார்க்கலை, ஊர் என்ன சொல்லும்னு பார்க்கலை. தன் வேலைக்கு எது உதவும்னு பார்த்தாங்க. நடுவர் அவர்களே, அந்தச் சாட்சி இப்ப எங்க கட்சிக்கு வந்தாச்சு! (கைதட்டல்)

வள்ளுவர் பொருட்பாலில் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசனுக்குச் சொன்னதுதான். ஆனா சைக்கிள் கடைக்குப் போறவனுக்கும் அப்படியே பொருந்தும். நான் கடைசியிலிருந்து வர்றேன்.

முதலில் இடம். எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர், "புரொபசர், மேடையில வாயைப் போட்டு மிதிக்கறீங்க, கொஞ்சம் காலாலயும் மிதிங்க" என்றார். (சிரிப்பு) நான் கடைக்குப் போய், பார்க்க அழகா இருக்குன்னு பந்தய வண்டி ஒண்ணை வாங்கிட்டு வந்தேன். டயர் அகலம் 25 மில்லிமீட்டர். நம்ம இட்டேரியில கால் மைல் போறதுக்குள்ள ரெண்டு தடவை பஞ்சர். மட்கார்டும் கிடையாது. முதல் மழையில வெள்ளை வேட்டியோட கல்லூரிக்குப் போனேன். இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும் சேறு கோடு போட்டிருந்தது. வகுப்புல ஒரு பையன் எழுந்து, "ஐயா, சட்டைக்குப் பார்டர் புதுசுங்களா?" என்றான். (பலத்த சிரிப்பு)

அப்பத்தான் புரிஞ்சது. கறுப்பு சைக்கிள் டயர் 28-க்கு ஒன்றரை அங்குலம். ஒன்றரை அங்குலம்னா 38 மில்லிமீட்டர். கிராவல் பைக்கின் டயர் எவ்வளவு? ஏறக்குறைய 35-லிருந்து 45! நம்ம அப்பன் பாட்டன் ஓட்டின அதே அகலம். எதிரணியின் பெருமையை நான் மறுக்கலை. அகல டயர், மட்கார்டு, கேரியர் மூணும் கறுப்பு வண்டியின் சொத்து. நல்ல பிள்ளை அப்பன் சொத்தை அழிக்க மாட்டான், அதோட கொஞ்சம் சேர்ப்பான். ஆகவே வாங்கப் போகும்போது குனிந்து பாருங்க. மட்கார்டும் கேரியரும் முடுக்கச் சட்டத்துல ஓட்டை இருக்கா? மட்கார்டு மாட்டினா டயருக்கு இடம் மிச்சம் இருக்கா? இல்லேன்னா அது வேடிக்கை வண்டி, வீட்டு வண்டி இல்லை.

அடுத்தது வலி. நம்ம கால் வலிமை. "கணியூர் சமவெளிதானே, கியர் எதுக்கு?" என்று கேட்டார் எதிரணி அண்ணன். அண்ணா, மேடு கண்ணுக்குத் தெரியும், காத்து தெரியாது! பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி, ஆடியில அடிக்கற காத்தை நம்பித்தானே உடுமலையைச் சுத்தி இத்தனை காற்றாலை நிக்குது? அந்தக் காத்தை எதிர்த்து மேற்கே பத்து மைல் மிதிச்சுப் பாருங்க. அது கண்ணுக்குத் தெரியாத மலை. முன்பல்லும் பின்பல்லும் ஏறக்குறைய சமமா வர்ற ஒரு கியர் இருந்தா, அம்பது வயசு முழங்காலும் அழாது. அம்மியே பறக்கற ஆடியில கறுப்பு வண்டிக்காரர் என்ன செய்வார்? இறங்கித் தள்ளுவார்! (சிரிப்பு)

"விலை அதிகம், ரிப்பேர் பண்ண ஆள் இல்லை" என்றார்கள். நியாயமான கேள்வி. கார்பன் வண்டி வேண்டாம். இரும்பு, அலுமினியம் போதும். எண்ணெயில் இயங்கும் பிரேக் வேண்டாம். கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக் போதும், அதை நம்ம ஊர்க் கடையிலேயே முடுக்கலாம். டியூப் போட்ட டயர் போதும், வேலாமுள் குத்தினா நம்ம பஞ்சர் கடைக்காரரே ஒட்டுவார். 'கிராவல்' என்று எழுதியிருக்கணும்னுகூட இல்லை. அகல டயர், மட்கார்டுக்கு இடம், இளகின கியர், மழையில் பிடிக்கிற பிரேக், இந்த நாலும் இருந்தா எந்தப் பேருள்ள வண்டியும் என் கட்சிதான்.

கடைசியாகக் காலம். சித்திரையில எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மார்கழி இருட்டுல வண்டியைப் பாருங்க. பனியன் கம்பெனி வேனைப் பிடிக்க விடியுமுன்னே ரோட்டுக்கு வர்ற என் அக்கா மகளுக்குப் பின்னால ஒரு சிவப்பு விளக்கு இல்லேன்னா, எங்க அக்காவுக்குத் தூக்கம் ஏது? விளக்கை எந்த வண்டியிலும் மாட்டலாம். ஆனா பிரேக்கை?

எங்க அப்பா பால்காரர். கறுப்பு சைக்கிள்ல ரெண்டு பக்கமும் கேன், முன்னால பார்ல நான். அந்த வண்டிதான் என்னைப் படிக்க வைத்தது. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு ஐப்பசி விடியற்காலை, நல்ல மழை. வாய்க்கால் பாலத்து இறக்கம். கம்பி பிரேக்கை அப்பா பிடிச்சார். நனைந்த ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கிச்சு. எதிரே மாட்டு வண்டி. என்னை இந்தப் பக்கம் தள்ளிவிட்டுட்டு, அவர் அந்தப் பக்கம் விழுந்தார். கால் முறிஞ்சது. பால் முழுக்க வாய்க்கால்ல போச்சு. அதுக்கப்புறம் அவர் நடையில வந்த சாய்வு கடைசிவரைக்கும் போகவே இல்லை.

வண்டியை அவர் ஒருநாளும் திட்டலை. "நான்தான் கொஞ்சம் மெதுவா வந்திருக்கணும் கண்ணு" என்பார்.

நடுவர் அவர்களே! டிஸ்க் பிரேக் ரிம்மைப் பிடிப்பதில்லை. சக்கரத்தின் நடுவில், சேறு அதிகம் எட்டாத இடத்தில், தனித் தகட்டைப் பிடிக்கிறது. மழையிலும் பிடிக்கும். அன்றைக்கு அது இருந்திருந்தால் என் அப்பா நிமிர்ந்து நடந்திருப்பார். "தப்பு உங்க மேல இல்லப்பா, பிரேக் மேல" என்று அவர் இருக்கும்போது சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்த மேடையில் சொல்கிறேன். (நீண்ட கைதட்டல்)

ஆகவே பெரியோர்களே, வண்டியைக் கடை வெளிச்சத்தில் பார்த்து வாங்காதீர்கள். ஆடிக் காற்றையும் ஐப்பசி மழையையும் மனதில் நிறுத்தி வாங்குங்கள். வருஷத்தில் மிக மோசமான நாளன்று நம்மை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே நல்ல வண்டி. அது புதிய கியர் சைக்கிளே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.