குளிருக்கு எந்த ஹூடி?

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ விடிகாலையில் ஓடப் போகிறவர்கள் ஹூடி வாங்கும்போது துணியின் கனத்தைத்தான் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். வியர்வை பட்டால் அந்தத் துணி என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். உடம்புச் சூட்டைக் காப்பதில் பெரும்பங்கு நூலிழைகளுக்கு இடையே சிக்கி நிற்கும் காற்றுக்கு. பருத்தி ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்காரும். தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஓடும்வரை தெரியாது; மேட்டில் ஏறி மூச்சு வாங்க நின்றதும் முதுகு சில்லிட்டு நடுக்கம் எடுக்கும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை வாங்கிக்கொண்டும் வெதுவெதுப்பை விடாது. பாலியெஸ்டர் ஃபிளீஸின் இழை ஈரத்தை உள்ளே இழுப்பதே அபூர்வம், சீக்கிரம் காய்ந்துவிடும்.

கம்பளி அரிக்குமே என்பார்கள். அரிப்பு தடித்த இழையால் வருவது. மெரினோ ஆட்டின் இழை மெல்லியது, விலைதான் கூடுதல். பாலியெஸ்டரில் வாடை தங்கும் என்பதும் உண்மை. அன்றன்றே துவைத்துவிட வேண்டும். அப்படியென்றால் நம் திருப்பூர்ப் பருத்தி மட்டமா? இல்லவே இல்லை. கடைத்தெருவுக்கும் கல்லூரிக்கும் அலுவலக ஏசிக்கும் அதைவிட இதமான உடை கிடையாது. ஓட்டத்துக்கும் மலையேற்றத்துக்கும் மட்டும் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அடுத்த முறை கடைக்குப் போனால், கழுத்தின் உட்புறம் தைத்திருக்கும் துணிச்சீட்டில் இழையின் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.