அண்ணன் படிக்க அடகு வைத்த நகை



"தலைநகரின் செழிப்புக்குக் காரணம் மக்களின் உழைப்பா, அரசின் செலவா?" இதுதான் தலைப்பு. நான் அரசின் செலவே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ரொம்ப அழகா சொன்னார், "சென்னை யாரையும் நம்பி வளரலை, தன் கையை ஊன்றி எழுந்தது" என்று. எனக்கு ஒரு குடும்பம் ஞாபகம் வந்தது.

மூணு பிள்ளைகள். மூத்தவன் நல்லா படிக்கிறான். அப்பா நிலத்தை வித்தார். அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வச்சா. ரெண்டாவது பையன் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு ஏர் பிடிச்சான். மூத்தவன் பெரிய உத்தியோகத்துக்குப் போயிட்டான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், கையில ஒரு ஸ்வீட் பெட்டியோட தம்பிகளைப் பார்த்துக் கேட்டானாம்: "ஏண்டா, என்னை மாதிரி நீங்களும் உழைச்சு முன்னுக்கு வரக் கூடாதா?" (பலத்த கைதட்டல்)

அண்ணன் படிச்சது தப்பில்லை ஐயா. உழைச்சதும் பொய்யில்லை. அந்தச் சங்கிலியை மறந்தான் பாருங்க, அதைத்தான் கேட்கிறோம்.

சென்னையின் தொழிலைப் பற்றிப் பேசினார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1955. யார் பணம்? அரசுப் பணம். கிண்டி தொழிற்பேட்டை, 1958. அரசு போட்டது. ஐ.ஐ.டி., 1959. அரசு. "கம்ப்யூட்டர் கம்பெனி வந்ததே, அது தனியார் ஆச்சே" என்றார் தம்பி. வந்தது. அதற்கு வாசல் திறந்த டைடல் பார்க்கை 2000-இல் கட்டியது டிட்கோவும் எல்காட்டும். ரெண்டும் அரசு நிறுவனம். பந்தல் போட்டு, இலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்த பிறகு விருந்தாளி வந்து உட்கார்ந்தார். சமைத்தவர் யார் என்று கேட்டால், விருந்தாளியைக் காட்டுகிறார் தம்பி! (சிரிப்பு)

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத செலவு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஒண்ணாம் தேதி. தலைமைச் செயலகம் அங்கே. இயக்குநர் அலுவலகங்கள் அங்கே. வாரியங்களின் தலைமை அலுவலகங்கள் அங்கே. மத்திய அரசின் மண்டல அலுவலகங்களும் அங்கே. இத்தனை பேருக்கும் மாசம் பிறந்தால் சம்பளம். அந்தச் சம்பளம் மளிகைக் கடைக்குப் போகிறது, தி.நகர் துணிக்கடைக்குப் போகிறது, வீட்டு வாடகைக்குப் போகிறது, டியூஷன் வாத்தியாருக்குப் போகிறது. அந்த வாத்தியாரும் துணிக்கடைக்குத்தான் போகிறார். ஒரு ரூபாய் அங்கேயே நாலு கை மாறுகிறது. காட்டுமன்னார்கோயில் விவசாயிக்கு மழை பொய்க்கும். தலைநகரத்துக்கு ஒண்ணாம் தேதி பொய்ப்பதே இல்லை! (கைதட்டல்)

"அதிக வரி கட்டுவது சென்னைதானே" என்று எதிரணிச் சகோதரி கேட்டார்கள். நல்ல கேள்வி. வரி கட்டுகிற இடம் வேறு, வரி விளைகிற இடம் வேறு அம்மா. இதோ பக்கத்தில் நெய்வேலி. 1956-இல் ஆரம்பித்த நிறுவனம். நிலக்கரி இருக்கிறது எங்கே? கடலூர் மாவட்டத்தில். நிலம் கொடுத்தவன் எங்கே? இந்த மாவட்டத்தில். சாம்பலும் புழுதியும் எங்கே? இங்கேதான். நிறுவனத்தின் பதிவு அலுவலகம் மட்டும் எங்கே தெரியுமா? சென்னையில்! கம்பெனிகளின் வருமான வரி பொதுவாகப் பதிவு அலுவலகம் இருக்கிற ஊர்க் கணக்கில்தான் ஏறும். மாடு நம்ம கொட்டாயில். பால் சொசைட்டி அட்டை பெரியண்ணன் பேரில்! (பலத்த கைதட்டல்)

கடலூரில் நின்றுகொண்டு வீராணத்தைப் பேசாமல் போனால் நீங்கள் என்னை விட மாட்டீர்கள். சோழர் காலத்து ஏரி. "பொன்னியின் செல்வன்" கதையே அந்தக் கரையில்தான் ஆரம்பிக்கிறது. ஏறக்குறைய 45 ஆயிரம் ஏக்கர் பாசனம். அந்த ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டு போக முதல் திட்டம் போட்டு, குழாய் செய்து, அந்தக் குழாய்கள் வருஷக்கணக்கில் ரோட்டோரம் கிடந்தன. ஆள் நிமிர்ந்து நுழையலாம். வீடில்லாத குடும்பங்கள் உள்ளே குடித்தனம் நடத்தின. இங்கே பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்புறம் 2004-இல் புதிய வீராணம் திட்டம் வந்தது. 235 கிலோ மீட்டர் குழாய். நாள் ஒன்றுக்கு 18 கோடி லிட்டர்.

குடிக்கிற தண்ணீருக்கு நான் எதிரி இல்லை ஐயா. தாகத்துக்கு ஜில்லா எல்லை கிடையாது. ஆனால் திருப்பூரைப் பாருங்கள். பனியன் விற்று நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டு வருகிற ஊர். தலைநகரம் அல்ல. அந்த ஊருக்கும் ஏறக்குறைய அதே அளவு, 18 கோடியே 50 லட்சம் லிட்டர் தண்ணீர்தான் வேண்டியிருந்தது. என்ன செய்தார்கள்? 1995-இல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அரசும் பங்கு போட்டது. மீதிக்குக் கடன். தண்ணீரைச் சாயப்பட்டறைகளுக்கு விலைக்கு விற்று அந்தக் கடனை அடைக்க வேண்டும் என்று ஏற்பாடு. தலைநகரத்துக்கு என்றால் அரசே தோள் கொடுக்கிறது. திருப்பூருக்கு என்றால், "நீயே கம்பெனி ஆரம்பி, நீயே கடனைக் கட்டு." இது நியாயமா?

2019-இல் சென்னை வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலே தண்ணீர் போனது. ஜூலை 12-ஆம் தேதி முதல் ரயில், 25 லட்சம் லிட்டர். கொடுத்தோம், மகிழ்ச்சி. ஜோலார்பேட்டைக்காரன் வீட்டுக் குழாய் வறண்டால் சென்னையிலிருந்து எந்த ரயில் வரும் என்று கேட்டால் மட்டும் கோபம் வருகிறது.

மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 63,246 கோடி ரூபாய். பெரும்பகுதி கடன்தான் என்பார்கள். ஆமாம், கடன்தான். அதை அடைக்கப் போகிறவர்களில் ஆலங்குளத்தில் டவுன் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்கிறவனும் உண்டு!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் எல்லோருக்குமா அந்தச் செழிப்பு? எண்ணூர்ப் பக்கம் அனல் மின்நிலையச் சாம்பலை மூச்சாய் இழுக்கிறவனும் சென்னைக்காரன்தான். சாக்கடையில் இறங்குகிறவனும் சென்னைக்காரன்தான். அவர்கள் எங்கள் அணி ஐயா, எதிரணி கணக்கில் சேர்க்காதீர்கள். (கைதட்டல்)

1983-இல் முதல்வர் எம்.ஜி.ஆர். தலைநகரத்தைத் திருச்சிக்கு மாற்ற நினைத்தார். நடக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வந்ததுமே எத்தனை பேருக்குத் தூக்கம் போச்சு! ஊர் தன் உழைப்பால் மட்டுமே வாழ்ந்தால், கோட்டை திருச்சிக்குப் போனால் என்ன, திண்டுக்கல்லுக்குப் போனால் என்ன?

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா, நம்ம வீட்டு விஷயம்.

1862-இல் சென்னையில் உயர்நீதிமன்றம் வந்தது. மதுரைக்கு அதன் கிளை வந்தது 2004-இல். நடுவில் 142 வருஷம். திருநெல்வேலிக்காரன் வரப்புத் தகராறு அப்பீலுக்கு வந்தால் 600 கிலோ மீட்டர். லாட்ஜ் வாடகை, ஓட்டல் சாப்பாடு, வக்கீல் பீஸ். வழக்கில் ஜெயித்தவனும் தோற்றவனும் வயலை வித்தான். அந்த வயல் எந்த ஊரில் போய் மாடி வீடாச்சு? இதையும் அரசின் செலவு என்று எழுத மாட்டார்கள். அரசு ஓரிடத்தில் உட்கார்ந்ததால் ஜனங்கள் செய்த செலவு.

என் அத்தை ஒருத்தர். மாமா பள்ளிக்கூட வாத்தியார், காலமாயிட்டார். குடும்பப் பென்ஷன் பைல் சென்னையில் ஓர் ஆபீஸில் மாட்டிக்கொண்டது. பேர் வேண்டாம். அத்தை நாலு தடவை போய் வந்தார். "இன்னொரு சர்டிபிகேட் வேணும்மா", "சார் லீவும்மா", "மேசை மாறிப் போச்சும்மா". பஸ், ஆட்டோ, லாட்ஜ், டிபன், ஜெராக்ஸ், எல்லாம் பழைய காலண்டர் பின்னால் எழுதி வைத்தார். கடைசியில் பணம் வந்தது. கூட்டிப் பார்த்துவிட்டு அத்தை என்னிடம் சொன்னார்:

"ஏன்டா தம்பி, உங்க மாமா எனக்குப் பென்ஷன் விட்டுட்டுப் போகலைடா. மெட்ராஸுக்கு விட்டுட்டுப் போயிருக்கார்!"

(நீண்ட கைதட்டல்)

அந்தக் காலண்டர் இன்னும் எங்க வீட்டுப் பரணில் இருக்கிறது. நடுவர் கேட்டால் கொண்டு வந்து கொடுக்கிறேன்.