லயன் இடியுமுன் மண்ணைக் கேளுங்கள்

(அட்டனில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



புதிய வீடு வேண்டாமென்று சொல்ல நான் இங்கு வரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை ஒடுங்கிக் கிடந்த கொடுமை ஒழிந்தே தீரவேண்டும். நிலமும் தனிவீடும் நம் மக்கள் கையேந்திப் பெறும் பிச்சையல்ல, உரிமை. ஆகவே லயன்கள் இடியட்டும். அவை எவ்வாறு இடிக்கப்படுகின்றன என்பதே என் கேள்வி.

அண்மையில் வழக்கு அலுவலாக ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். பழைய லயன் நின்ற இடத்தை மட்டப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பெக்கோ இயந்திரம் ஒரே காலைப்பொழுதில் கருங்கல் அத்திவாரத்தைப் பெயர்த்துப் பள்ளத்தில் கொட்டிற்று. வெட்டுண்ட மண்சுவரை நின்று பார்த்தேன். மேலே சீமெந்துத் தரை. அதன் கீழே சாணமிட்டு மெழுகிய மண்தரை. அதற்கும் கீழே அடுப்புச் சாம்பலின் கருங்கோடு. மறுபடியும் ஒரு மண்தரை. நான்கு தலைமுறையின் வாழ்வு நான்கு கோடுகளாக நின்றது. மாலையில் அது இல்லை. மூதாட்டி ஒருவர் கொட்டிய மண்ணிலிருந்து குழவிக்கல் ஒன்றைப் பொறுக்கி முந்தானையால் துடைத்தார். “எங்க மாமியா அரைச்ச கல்லு தம்பி” என்றார். அன்று அங்கே பதிவு செய்யப்பட்ட ஒரே தொல்பொருள் அதுதான். பதிவு செய்தவரும் அவரே.

பிற நாடுகளில் இதனை எவ்வாறு செய்கிறார்கள்? கட்டுமானத்துக்காக நிலத்தைத் தோண்டும்போது அகழ்வாய்வாளர் ஒருவர் இயந்திரத்தின் அருகிலேயே நிற்கிறார். பற்களில்லாத வாளியால் மண்ணை மெல்ல வழிக்கிறார்கள். மண்ணின் நிறம் மாறினால் அவர் கைகாட்டுவார், இயந்திரம் நிற்கும். அடுக்குக்கு ஓர் இலக்கமிட்டு, அளந்து, படமெடுத்து, கிடைத்தவற்றைப் பையிலிட்ட பின்னரே வேலை தொடரும். இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டிலிருந்து திட்டமிடல் அனுமதியோடு இந்த நிபந்தனையை விதிப்பது வழக்கமாயிற்று. பொதுவாகச் செலவு கட்டுபவரைச் சாரும்.

சிட்னி நகரின் கதை நமக்கு மிக நெருங்கியது. துறைமுகத்தையொட்டிய ‘றொக்ஸ்’ பகுதியில் கைதிகளாக வந்தோரும், மாலுமிகளும், கூலித் தொழிலாளரும் குடியிருந்தனர். 1900ஆம் ஆண்டு கொள்ளைநோய் வந்ததும் அரசாங்கம் அப்பகுதியைச் சுவீகரித்தது. சேரி என்று பெயரிட்டுப் பல வீடுகளை இடித்தது. 1994இல் கம்பர்லண்ட் வீதிக்கும் குளொஸ்ரர் வீதிக்கும் இடைப்பட்ட நிலத்தை அகழ்ந்தபோது முப்பதுக்கு மேற்பட்ட வீடுகளின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. இலட்சக்கணக்கான பொருட்கள் கிடைத்தன. அழுக்கிலும் அறியாமையிலும் கிடந்தவர்கள் என்று எழுதிவைக்கப்பட்ட அம்மக்களின் வீடுகளில் நல்ல பீங்கான் தட்டுகளும், நகைகளும், குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களும் இருந்தன. அதிகாரிகளின் ஏடு ஒன்று சொல்லிற்று. மண் வேறொன்று சொல்லிற்று. பின்னர் அங்கே விடுதி எழுந்தது. ஆனால் பழைய அத்திவாரங்கள் அழியாதபடி தூண்கள்மேல் எழுந்தது. வீடா, வரலாறா என்று சண்டையிட வேண்டியதில்லை என்பதற்கு அக்கட்டடமே சாட்சி.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், தொல்பொருள் என்றால் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது என்று வரையறுக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் போட்டது 1823இல். எட்டு ஆண்டு பிந்தி வந்த குற்றத்துக்காக இருநூறு ஆண்டுகால உழைப்பு முழுவதும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று! கால் ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலத்தில் அபிவிருத்தி வேலை தொடங்குமுன் தொல்பொருள் மதிப்பீடு வேண்டுமென்று 2000ஆம் ஆண்டு ஒழுங்குகள் பிறந்தன. நல்லதுதான். ஆனால் மதிப்பிட வருபவர் 1815க்கு முற்பட்டதையே தேடுவார். லயனைத் தாண்டி நடந்துவிடுவார்.

வழியே இல்லையா? உண்டு. பிற்பட்ட கட்டடத்தையும் பொதுநலன் கருதிப் பழைய சின்னமாகப் பிரகடனம் செய்ய 16ஆம் பிரிவு அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாக்கள் பழைமை என்று போற்றப்படுகின்றன. அவற்றுக்குக் கல் சுமந்தவர்களின் லயன் ‘அகற்றவேண்டிய இடிபாடு’ ஆகிவிடுகிறது.

சட்டத்தரணி என்ற முறையில் எனக்கு இது வெறும் பழம்பொருள் ஆசையன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மூத்தோரிடம், தந்தை இங்கே பிறந்ததை நிரூபி, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபி என்றது. எத்தனை பேரிடம் கடதாசி இருந்தது? அந்த வழக்குகள் முடிந்துவிட்டன. பிரஜாவுரிமையும் பின்னாளிற் கிடைத்தது. ஆயினும் நாம் எப்போது வந்தோம், எதை உண்டோம், எவ்வாறு வாழ்ந்தோம் என்பதற்கு நம் கையால் எழுதிய ஏடு இன்றும் சொற்பமே. துரையின் கணக்குப் புத்தகம் தலைகளை எண்ணிற்று; அவ்வளவுதான். மிகுதி காம்பராத் தரைக்குக் கீழே கிடக்கிறது. அதையும் ஒரு காலையில் அள்ளிக் கொட்டுவதா?

எல்லா லயனையும் காக்கச் சொல்லவில்லை. அது நடவாத காரியம். இடிக்கப்படும் ஒவ்வொரு லயனுக்கும் ஒரு வரைபடமும் சில படங்களும் வேண்டும். மிகப் பழைய சிலவற்றிலேனும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அகழ்வாய்வு தெரிந்த ஒருவர் நிற்கவேண்டும். அக்காம்பராக்களில் வாழ்ந்தவர்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். குழவிக்கல்லை அடையாளம் காணப் பட்டதாரி போதாது. இதற்கான மனுவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலருகே மேசைமேல் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் எந்த லயன் எந்தத் திகதியில் இடிபடவிருக்கிறது என்பதை ஒப்பத்துக்குப் பக்கத்தில் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.