சட்டிகள் இருந்த வழி

வடநாட்டில் வாழும் தமிழர்களாகிய நம்மில் பலர் பத்ரிநாதம் சென்று வந்திருக்கிறோம். ரிஷிகேசத்தில் வண்டி ஏறுகிறோம். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் மலைச்சாலையைக் கடக்கிறோம். தரிசனம் முடிந்ததும் அதே வேகத்தில் திரும்புகிறோம். வழியில் கண்ட ஊர்கள் எவை என்று யாரேனும் வினவினால் நம்மிடம் விடை இராது.

மோட்டார் சாலை வருமுன் இது நடைவழி. சில மைல்களுக்கு ஒரு தங்குமிடம் இருந்தது. அதற்குச் 'சட்டி' என்று பெயர். நம் செவிக்கு இச்சொல் சமையற் பாத்திரத்தையே நினைவூட்டும். அதிலும் ஒரு பொருத்தம் உண்டு. கடைக்காரரிடம் மாவும் பருப்பும் நெய்யும் வாங்கினால் போதும். படுக்க இடமும் சமைக்கப் பாத்திரமும் வாடகையின்றிக் கிடைத்தன. யாத்திரிகரின் காசு வழிநெடுகிலும் சிறுகச் சிறுகப் பரவியது. 1962-ஆம் ஆண்டுப் போருக்குப்பின் மலைச்சாலைகள் விரைந்து வளர்ந்தன. முதியோரும் நோயாளரும் பத்ரியைக் காண முடிந்தது. அது பெரும் நன்மையே. ஆயினும் சட்டிகள் மறைந்தன. இளைஞர்கள் பிழைப்புத் தேடி மலையிறங்கினர். இவ்வழியிலுள்ள பௌரி கட்வால் மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முன்னையதைவிடக் குறைந்தே காணப்பட்டது.

விரைந்து செல்பவரை மீண்டும் நிற்கச் செய்வது எங்ஙனம்? ஒரு பொருளை நூலாகக் கொண்டு பல ஊர்களைக் கோக்கும் சுற்றுலாத் தடமே அதற்கு வழி. நூலுக்கு இங்கே பஞ்சமில்லை. தேவப்பிரயாகை முதல் விஷ்ணுப்பிரயாகை வரை ஐந்து சங்கமங்கள் ஒரு தடம். நடைவழி மக்களை நடுங்கவைத்த ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926-இல் ருத்ரப்பிரயாகை அருகே சுட்டு வீழ்த்தினார். அவ்வரலாறு மற்றொரு தடம். தமிழருக்கோ தனியொரு தடமே உண்டு. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் தேவப்பிரயாகை, திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி ஜோஷிமடம் என்பது வைணவ மரபு, அதற்கப்பால் பதரிகாசிரமம். மூன்றும் ஒரே வழியில் அமைந்துள்ளன.

ஆனால், பெயர்ப்பலகை நாட்டிவிட்டால் மட்டும் தடம் உண்டாகிவிடாது. தங்கும் வீடு கிராமத்தாருடையதாதல் வேண்டும். வழிகாட்டி அவ்வூராராதல் வேண்டும். உணவு அவர்கள் வயலில் விளைந்ததாதல் வேண்டும். அங்கே 'மண்டுவா' என்பது நம் கேழ்வரகே. 'ஜங்கோரா' நம் குதிரைவாலியே. வெளியூரார் பெருவிடுதி கட்டி, பண்டங்களையும் கீழிருந்து கொணர்ந்தால், மலைக்கு மிஞ்சுவது குப்பை ஒன்றே.

மலையின் பொறுமைக்கும் எல்லை உண்டு. 2023 ஜனவரியில் ஜோஷிமடத்தில் நிலம் அமிழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகள் வெடிப்புற்றதை நாம் அறிவோம். ஆகவே கூட்டத்தை ஓரிடத்திற் குவிக்காமல் பல ஊர்களுக்குப் பிரித்தனுப்புவதும், ஒவ்வோர் ஊரும் தாங்கும் அளவை வரையறுப்பதும் தடம் அமைப்போரின் முதற்கடமை.

பிறந்த ஊரைப் பிரிந்து வாழ்வது இன்னதென்று நமக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. நகரத்து உணவுவிடுதியில் நமக்குப் பரிமாறும் கட்வால் இளைஞனும் அவ்வாறு வந்தவனே. அடுத்த யாத்திரையில் ஒருநாளைக் கூட்டிக்கொள்வோம். அவனுடைய ஊர் போன்றதொரு சிற்றூரில் ஓரிரவு தங்கி, கேழ்வரகு ரொட்டி உண்போம். அதற்குரிய காசை அவ்வீட்டாரின் கையிலேயே கொடுத்து வருவோம்.