ஏட்டில் ஏறாத கடல் கடந்த சேவை



அமெரிக்கப் போர்வீரர் ஒருவரின் சேவை விடுவிப்புப் பத்திரத்தைப் பற்றி இன்று நாம் பேச எடுத்துக்கொண்டுள்ளோம். கமக்காரரும் ஆசிரியரும் வைத்தியரும் கூடியிருக்கும் இம்மண்டபத்தில் எங்கோ ஒரு தேசத்துப் படையாளின் கடதாசிக்கு என்ன வேலை என்று, கூட்டம் தொடங்குமுன்னரே பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். கையிற் கடதாசியோடு கச்சேரி விறாந்தையிற் காத்து நிற்காதவர் இங்கே எத்தனை பேர் என்று நாம் அவரைத் திருப்பிக் கேட்டோம். அவர் சிரித்தார். முகவுரை அவ்வளவு போதும்.

சென்ற ஆண்டு அமெரிக்காவில் எம் உறவினர் இல்லத்திற் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அயல் வீட்டில் எழுபத்தைந்து வயதைக் கடந்த முதியவர் ஒருவர். நாம் சட்டம் படித்தவர் என்று கேள்வியுற்று, ஒரு மாலைப் பொழுதிற் கடதாசிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இளமையில் அவர் விமானப்படையில் இயந்திரம் பழுது பார்ப்பவராக இருந்தவர். தாய்லாந்தின் உடோன் தளத்தில் ஓராண்டு கடமை. அந்த ஓராண்டுக்குள், பழுதடைந்து நின்ற விமானம் ஒன்றைத் திருத்துவதற்காக வியட்நாமின் டா நாங் நகருக்கு அனுப்பப்பட்டு, ஒன்பது நாட்கள் அங்கே தங்கினார். 1970ஆம் ஆண்டிற் படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது கையிற் கொடுக்கப்பட்ட பத்திரத்தில் வெளிநாட்டுச் சேவை ஓராண்டு என்று இருக்கிறது. டா நாங் என்ற பெயர் அதில் இல்லை. வியட்நாம் என்ற சொல்லே இல்லை.

டி.டி. 214 எனப்படும் இப்பத்திரம் 1950ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. ஒருவர் படையில் என்று சேர்ந்தார், என்று நீங்கினார், என்ன பதவி வகித்தார், எப்பதக்கங்களைப் பெற்றார் என்பனவெல்லாம் அதில் அடங்கும். வெளிநாட்டுச் சேவைக்கென ஒரு கட்டமும் உண்டு. அது ஆண்டு, மாதம், நாள் என்ற கணக்கு மாத்திரமே. எந்த நாடு என்று அக்கட்டம் கேட்பதில்லை. தற்காலிகக் கடமையாகச் சில நாட்கள் அயல்நாடு சென்று மீண்டவரின் பயணம் பெரும்பாலும் அதில் ஏறுவதுமில்லை. விடுவிப்பு நாளில், வீடு செல்லும் அவசரத்தில் நிற்கும் இருபத்திரண்டு வயது இளைஞன், எழுதுவினைஞர் தட்டச்சு செய்து நீட்டிய தாளைப் படித்துப் பாராமல் ஒப்பமிடுவான். நாமும் அவ்வயதில் அதைத்தான் செய்திருப்போம்.

அந்த ஒன்பது நாட்களுக்கு என்ன பெறுமதி? கமக்காரர்களாகிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கப் படையினர் காடுகளின் இலையை உதிர்க்கவும் பயிரை அழிக்கவும் களைநாசினிகளைத் தெளித்தனர். அவற்றுட் பெருமளவிற் பயன்பட்டது ‘ஏஜென்ற் ஒறேஞ்’. அது 2,4-டி, 2,4,5-ரி என்ற இரண்டின் கலவை. டயொக்சின் என்ற கொடிய நஞ்சு அதிற் கலந்திருந்தது. அந்நஞ்சின் பெருங்கேடு வியட்நாமிய மக்களின் தலையில் விழுந்தது. அதை மறந்து இவ்விடயத்தைப் பேசுதல் முறையன்று. தெளித்த தரப்பின் படையாட்களும் அதிலிருந்து தப்பவில்லை. 1991ஆம் ஆண்டுச் சட்டம், 1962 யனவரி 9 முதல் 1975 மே 7 வரையான காலத்தில் வியட்நாமிற் சேவை செய்தவர் நஞ்சுக்கு உட்பட்டவர் என்றே ஊகித்துக்கொள்ள வழி செய்தது. குறித்த நோய்களுள் ஒன்று அவருக்கு இருந்தால், நஞ்சினாலேயே அந்நோய் வந்தது என அவர் தனித்து நிரூபிக்க வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டில் இரண்டாம் வகை நீரிழிவும் அந்நோய்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டது. எம் அயலவருக்கு நீரிழிவு. 2011ஆம் ஆண்டில் அவர் நட்டஈடு கோரினார். வியட்நாமிற் காலடி வைத்ததற்குச் சான்று இல்லை என்று உரிய அலுவலகம் கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

இவ்விடத்திற் சட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உத்தியோக முறையிற் செய்யப்பட்ட செயல்கள் ஒழுங்காகவே செய்யப்பட்டன என ஊகிக்கலாம் என்பது ஒரு பழைய நியதி. நம் நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவிலும் அது உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. நியதியிற் குற்றமில்லை. ஒவ்வொரு பதிவையும் ஐயுற்றால் எந்த நிருவாகமும் நடவாது. ஆயினும் அந்நியதி எழுதப்பட்டதைக் காப்பதற்காக ஏற்பட்டது. எழுதப்படாத இடத்தை மறுப்பாக மாற்றும் பலம் அதற்கு இல்லை. ‘இவர் டா நாங் செல்லவில்லை’ என்று எந்த அதிகாரியும் எந்தத் தாளிலும் எழுதவில்லை. கட்டத்தில் இடமில்லாமையாற் பெயர் விடுபட்டது. விடுபட்ட இடத்தை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த ஓர் அதிகாரி ‘இல்லை’ என்று வாசித்தார். மௌனத்தை மறுப்பாக வாசிக்கும் இந்தப் பழக்கமே எமது முறைப்பாடு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். அலுவலகங்களிலோ, ஏட்டில் இல்லாத சுரைக்காயை வளவிற் பறித்துக் கையிற் கொண்டுபோய்க் காட்டினாலும் அது காய் அல்ல.

இத்தகைய வழக்குகள் ஒன்றிரண்டு அல்ல. வியட்நாமின் கரையோரக் கடலில் நின்ற போர்க்கப்பல்களின் மாலுமிகளை எடுத்துக்கொள்வோம். அவர்கள் நிலத்திற் கால் வைக்கவில்லை என்பதைக் காட்டி அவர்களுக்கு இந்தச் சலுகை மறுக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் ஹாஸ் என்பவரின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அம்மறுப்பை ஏற்றது. 2019 யனவரி 29ஆந் திகதி, புறொக்கோப்பியோ என்ற மாலுமியின் வழக்கில் அதே நீதிமன்றம் தன் முன்னைய தீர்ப்பை மாற்றி, வியட்நாம் குடியரசு என்பது அதன் 12 கடல் மைல் ஆட்சிக்கடலையும் அடக்கும் என்றது. அவ்வாண்டிலேயே சட்டமும் இயற்றப்பட்டு 2020 யனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்பு எழுந்த கேள்வி, இன்ன கப்பல் இன்ன நாளில் எங்கே நின்றது என்பது. அதற்கு விடை கப்பற் குறிப்பேடுகளில் உண்டு. காலை எட்டு மணி, நண்பகல், இரவு எட்டு மணி என நாள்தோறும் கப்பலின் நிலை அவற்றிற் பதியப்பட்டது. மாலுமியின் பத்திரத்திற் கப்பலின் பெயர். குறிப்பேட்டிற் கப்பலின் இடம். இரண்டும் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தன. இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்க்கும் வேலை மாத்திரம் நோயுற்ற முதியவரின் தலையில் நெடுங்காலம் கிடந்தது.

இதனிலும் வியப்பான சம்பவம் ஒன்று உண்டு. அங்கே சேவையை ஏட்டில் இல்லாமற் செய்தவர்கள் ஆட்சியாளரே. 1962 யூலை 23இல் ஜெனீவாவிற் கைச்சாத்திட்ட பிரகடனத்தின்படி லாவோஸ் நடுநிலை நாடு. அந்நியப் படைகள் அங்கே இருத்தலாகாது. ஆயினும் வட வியட்நாம் மீது குண்டு வீசும் விமானங்களுக்கு வழிகாட்ட, லாவோஸின் பூ பா தீ மலையுச்சியில் அமெரிக்கர் இரகசியமாக ராடர் நிலையம் ஒன்றை அமைத்தனர். அதை இயக்கச் சென்ற விமானப்படையினர் கடதாசியில் படையிலிருந்து விலக்கப்பட்டு, லொக்ஹீட் என்ற தனியார் கொம்பனியின் ஊழியராகக் காட்டப்பட்டனர். 1968 மார்ச் 11ஆந் திகதி அந்நிலையம் வட வியட்நாமியரிடம் வீழ்ந்தது. றிச்சாட் எட்ச்பேகர் என்பவர் காயமுற்ற தோழர்களை மீட்பு ஹெலிகொப்டரில் ஏற்றிவிட்டுத் தாமும் ஏறியபின், கீழிருந்து வந்த குண்டு பட்டு உயிர் துறந்தார். அவருக்குரிய உயர் விருது இரகசியமாகவே வழங்கப்பட்டது. மனைவிக்கு உண்மை தெரியும். வெளியிற் சொல்ல அனுமதியில்லை. தந்தை விபத்தில் இறந்ததாகவே புதல்வர்கள் எண்ணி வளர்ந்தனர். 2010 செப்ரெம்பர் 21ஆந் திகதி வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஒபாமா அந்நாட்டின் அதியுயர் வீரப் பதக்கத்தை அவர் குடும்பத்திடம் கையளித்தார். இடையில் கழிந்தவை நாற்பத்திரண்டு ஆண்டுகள். உத்தியோகச் செயல்கள் ஒழுங்காகச் செய்யப்பட்டன என்று ஊகிக்கும் எவரும் அந்தக் கொம்பனி ஊழியர் பட்டியலை ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்று.

ஏடே இல்லாது போனவர்களும் உளர். 1973 யூலை 12ஆந் திகதி மிசூரி மாநிலத்துச் சென்ற் லூயிஸ் நகரருகே இருந்த தேசியப் பதிவேட்டு நிலையத்தின் ஆறாம் மாடி தீப்பற்றியது. 1 கோடி 60 இலட்சத்துக்கும் 1 கோடி 80 இலட்சத்துக்கும் இடைப்பட்ட கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 யனவரி 1 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் நூற்றுக்கு 80 வீதம் போயிற்று. அவற்றுக்குப் பிரதியும் இல்லை, நுண்படமும் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள் அமர்ந்திருக்கும் சபை இது. பிரதியில்லாத ஏடு எரிவதன் பொருளை இங்கே விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே அரசாங்கம் கையை விரித்துவிடவில்லை. நனைந்த தாள்களை வெற்றிட அறைகளில் உலர்த்தி எடுத்தனர். சம்பளச் சிட்டைகள், படைப்பிரிவுகளின் அன்றாட அறிக்கைகள், வைத்தியசாலைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு எரிந்த கோப்புகளை மீள அமைத்துக் கொடுத்தனர், இன்றும் கொடுக்கின்றனர். எரிந்த ஏட்டுக்கு மாற்றுச் சான்று தேடத் தெரிந்த அரசாங்கம், எரியாத ஏட்டில் விடுபட்ட சொல்லுக்கு அதைத் தேடத் தயங்குவதேன்?

திருத்தும் வழி உண்டு, அதையும் கேளுங்கள். தெளிவான எழுத்துப் பிழையாயின் அப்படையின் ஆளணி அலுவலகமே டி.டி. 215 என்ற திருத்தத் தாளை வழங்கும். பழைய பத்திரம் அழிக்கப்படுவதில்லை. புதிய தாள் அதனுடன் இணைக்கப்படும். அலுவலகம் மறுத்தால் டி.டி. 149 என்ற படிவத்திற் பதிவுகள் திருத்தச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். முன்னாளில் இத்தகைய திருத்தத்துக்குக் கொங்கிரஸ் சபையில் தனியார் மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியை மூடி, குடிசார் அங்கத்தவர்களைக் கொண்ட சபைகளுக்கு இடமளித்தது. பிழையை அறிந்து மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டுச் சபை அத்தாமதத்தை மன்னிக்கலாம். நிரூபிக்கும் பாரம் விண்ணப்பதாரியுடையது.

எனவே சான்றுதான் உயிர். வியட்நாம் சேவைப் பதக்கம் இருந்தாற் போதும் என்று பலர் நம்பி ஏமாறுகின்றனர். கரையிறங்காத மாலுமிக்கும், தாய்லாந்திலிருந்து உதவியவருக்கும் அப்பதக்கம் கொடுக்கப்பட்டதால், கால் வைத்ததற்கு அது சாட்சியாகாது. பிரயாணக் கட்டளை, பிரயாணப்படிச் சிட்டை, மேலதிகாரியின் மதிப்பீட்டு அறிக்கை, கூட இருந்த தோழரின் சத்தியக் கடதாசி, இவையே நிற்கும். அற்பமான தாள் என்று ஒதுக்கியதே சிலவேளை வழக்கை வெல்லும்.

எம் அயலவருக்கு அதுவே நேர்ந்தது. தம் முழுக் கோப்பின் பிரதியை அவர் எழுதிப் பெற்றிருந்தார். பெற்றவர் அதை முழுவதும் படிக்கவில்லை. நாம் இரண்டு இரவுகள் படித்தோம். வைத்தியக் குறிப்புகளின் நடுவே பாதித் தாள் ஒன்று: காதுவலிக்கு மருந்து கொடுத்த சிகிச்சை நிலையத்தின் பெயர், திகதி, வைத்தியரின் சுருக்கொப்பம். சிகிச்சை நிலையம் இருந்த இடம் டா நாங். 2011இல் அவர் கோரிக்கையைத் தள்ளிய அலுவலகத்தின் கையில் இத்தாள் இருக்கவில்லை; எவரும் அதை வருவித்துப் பார்க்கவில்லை. கோருவோருக்குச் சான்று தேடி உதவுதல் அரசாங்கத்தின் கடமை என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்லியிருக்கவும் இவ்வாறு நடந்தது.

2022 ஒகஸ்ட் 10இல் வந்த புதிய சட்டம் தாய்லாந்துத் தளங்களிற் சேவை செய்தோரையும் சேர்த்துக்கொண்டது. ஆகையால் அவருக்கு இப்பொழுது நட்டஈடு கிடைக்கிறது. ‘பின் ஏன் ஐயா இந்தப் பாடு?’ என்று நாம் கேட்டோம். சட்டத்தரணியின் பதில் எம்மிடமே இருந்தது. புதிய சட்டத்தின்படி வந்த பணம் அச்சட்டத்துக்கு முந்திய காலத்துக்குச் செல்லாது. முன்னரே இருந்தும் கோப்பிற் சேராத படைப் பதிவு பின்பு வெளிப்பட்டாலோ, பழைய கோரிக்கையையே மீள விசாரிக்க வேண்டும் என்று வேறொரு விதி உண்டு. அதாவது 2011 முதல் 2022 வரையான காலம் இன்னும் வழக்கில் உள்ளது. அவருடைய பதில் வேறு. ‘நான் போனேன்’ என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு விண்ணப்பங்கள் எழுதினோம்: ஒன்று பழைய கோரிக்கையை மீளத் திறக்க, மற்றது பத்திரத்தின் குறிப்புக் கட்டத்தில் டா நாங் என்ற பெயரையும் ஒன்பது நாட்களையும் சேர்க்க. இரண்டாவதை முதலில் அனுப்பும்படி அவர் சொன்னார். பதில் வர மாதங்கள் செல்லும் என்றோம். அதற்குள் தாம் இறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். திருத்தச் சபைக்கு மனைவியோ வாரிசோ விண்ணப்பிக்கச் சட்டம் இடந்தருகிறது என்று சொன்னோம். உடனே எழுந்து உள்ளே சென்று மனைவியாரை அழைத்து வந்து, கடதாசிக் கட்டை எந்த இழுப்பறையில் வைக்கப்போகிறார் என்பதை அவருக்குக் காட்டினார்.